கால் மாத்திரையா, சிரப்பா, பொட்டலமா, பிரிண்ட் மாத்திரையா? குழந்தையின் சின்ன டோஸுக்கு எது பொருந்தும்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு இந்தச் சீட்டு பழக்கமானது. எழுதியவர் கோயம்புத்தூர் டாக்டராகவும் இருக்கலாம், திருச்சூர் டாக்டராகவும் இருக்கலாம். "10 மி.கி. மாத்திரை, கால் வீதம், மூன்று வேளை." சீட்டை நீட்டுகிற அம்மாவின் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங்ணா, கால் மாத்திரையைச் சரியா எப்படிங்க உடைக்கறது?" இப்போது கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "மிஷின்ல வச்சுக் குழந்தைக்கு ஏத்த அளவுலயே மாத்திரை பிரிண்ட் பண்றாங்களாமே, அது எங்க கிடைக்கும்?"

முப்பரிமாண அச்சில், அதாவது த்ரீ-டி பிரிண்டரில், மாத்திரை செய்வது உண்மை. ஆனால் இங்கே பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ கடையில் கேட்டால் கிடைக்காது. கிடைக்காததைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றலாம். அதற்காகக் காத்திருக்கலாமா, இப்போதைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, நாளைக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி "பிரிண்ட் செய்து தருகிறோம்" என்றால் சரி சொல்லலாமா என்று பெற்றோர் நிஜமாகவே குழம்புகிறார்கள். அதனால்தான் கையில் இருக்கிற வழிகளையும் வரப்போகிற வழியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அளவு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது. பாராசிட்டமாலில் பத்து சதவீதம் கூடக்குறைய ஆனால் பெரிய சேதம் இல்லை. இதயத்துக்கான டிகாக்சின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான தைராக்சின் போன்றவை அப்படி அல்ல. கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் தொந்தரவு. அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையாகக் கொடுக்கிறோம். அங்கே அளவு தவறினால் வளர்ச்சியே பாதிக்கும்.

இரண்டாவது, மாத்திரையின் கட்டமைப்பு. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர், சிஆர், எக்ஸ்எல், க்ரோனோ என்று ஏதாவது இருந்தால், அந்த மருந்து மெதுவாக வெளியே வரும்படி செய்யப்பட்டது என்று பொருள். பேன்டோப்ரசோல் மாதிரி மேல்பூச்சு போட்டவை வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் கரைய வேண்டியவை. இந்த இரண்டு வகையையும் இடித்தால் மருந்தின் குணமே மாறிவிடும்.

மூன்றாவது வீடு. ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, பங்குனி சித்திரை வெயிலில் கரண்ட் எத்தனை மணி நேரம் போகும், பகலில் குழந்தைக்கு மருந்து கொடுப்பது யார். நம் எல்லைப் பகுதி வீடுகளில் பல பாட்டிகளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், பேரனுக்கு மலையாளம் மட்டும்தான் சரளம். மருந்துப் பொட்டலத்தின் மேல் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதும் டோஸ் பிசகாமல் இருக்க முக்கியம்.

நான்காவது, குழந்தை அதை விழுங்குமா, துப்புமா. ஐந்தாவது தொடர்ச்சி: அடுத்த மாதமும் அதே பொருள், அதே அளவில் கிடைக்குமா. ஆறாவதுதான் செலவு. செலவு என்றால் மருந்து விலை மட்டும் அல்ல. வாளையார் தாண்டிப் போய்வரும் பஸ் காசு, அன்றைக்குப் போகாமல் விட்ட வேலையின் கூலி எல்லாம் சேர்த்துத்தான்.

## ஒப்பிடுவதற்கு முன் ஒரு போன்

உடைப்பதா, கரைப்பதா என்று யோசிக்கும் முன்னால், குறைந்த அளவிலேயே மாத்திரை வருகிறதா என்று கேளுங்கள். ஹைட்ரோகார்டிசோன் நம் நாட்டில் 5 மி.கி. அளவிலும் வருகிறது. குழந்தைக்கு 2.5 மி.கி. வேண்டும் என்றால் 10-ஐ நான்காக உடைப்பதற்குப் பதில் 5-ஐ இரண்டாக உடைத்தால் போதும். கால் அரையாகிவிட்டது, பாதி பிரச்சினை தீர்ந்தது. தைராக்சின் 12.5 மைக்ரோகிராமில் தொடங்கி ஏகப்பட்ட அளவுகளில் இருக்கிறது. உடைக்கவே தேவைப்படாமல் போகலாம்.

இது ஏன் நடப்பதில்லை? டாக்டர் கைப்பழக்கத்தில் பெரிய அளவை எழுதிவிடுகிறார், கடையில் அது இருக்கிறது, கொடுத்துவிடுகிறார்கள். கேரளத்தின் மலிவு விலை மருந்துக் கடைகளான காருண்யாவிலோ நீதி ஸ்டோரிலோ இல்லையென்றால் அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும். அங்கே இல்லாதது பாலக்காட்டில் இருக்கும். எல்லையில் வாழ்கிற நமக்கு இரண்டு மாநிலக் கடைகளும் கைக்கெட்டும் தூரம்தான். சின்ன அளவை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். இந்த ஒரு போனில் தீராதவர்களுக்குத்தான் கீழே உள்ள ஒப்பீடு.

## மாத்திரையை உடைப்பது

மலிவு, எங்கேயும் முடியும், யாரிடமும் கேட்க வேண்டாம். நடுவில் கோடு போட்ட மாத்திரையைக் கட்டரில் வைத்து இரண்டாக உடைத்தால் பெரும்பாலும் பரவாயில்லாமல் வரும். நான்காக உடைக்கும்போதுதான் சிக்கல். கட்டரைத் திறந்து பாருங்கள். ஒரு துண்டு முக்கோணமாகப் பருத்திருக்கும், அடுத்தது சில்லுபோல மெலிந்திருக்கும், பிளேடுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூளும் குழந்தைக்குப் போக வேண்டிய மருந்துதான்.

கோடு போட்ட மாத்திரைகளுக்கு ஐரோப்பிய மருந்து நூலில் ஒரு சோதனை உண்டு. 30 மாத்திரைகளை உடைத்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து எடை பார்க்க வேண்டும். சராசரி எடையில் 85 முதல் 115 சதவீதம் வரையிலான வரம்பைத் தாண்டி ஒரு துண்டுக்கு மேல் போகக் கூடாது. 75 முதல் 125 வரையிலான வரம்பைத் தாண்டி ஒன்றுகூடப் போகக் கூடாது. கோடே இல்லாத மாத்திரையைக் கத்தியால் நான்காக வெட்டுகிறவருக்கு இப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு மீதித் துண்டுகளில் இருக்கிறது. வலிப்பு மருந்தான சோடியம் வால்ப்ரோயேட்டை உடைத்து வைத்தால் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசமைடு வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். இடவப்பாதி மழைக்காலத்தில் டப்பாவில் போட்டு வைத்த கால் துண்டுகளை நாளைக்குப் பார்த்தால் ஓரம் உதிர்ந்திருக்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு உடைப்பதுதான் நல்லது.

இது பொருந்துவது: கோடு உள்ள மாத்திரை, பாதி போதும், மருந்தும் அளவில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் தாங்கும் வகை. காலுக்குக் கீழே போகிறதென்றால் அடுத்த வழியைப் பாருங்கள்.

## சிரப், கரைசல்

கம்பெனியே சிரப்பாகத் தயாரிக்கிறது என்றால் சின்னக் குழந்தைக்கு அதுதான் முதல் தேர்வு. வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டாம் 1 மி.லி.க்கு 100 மி.கி. கணக்கில் திரவமாக வருகிறது. எடைக்கு ஏற்றபடி சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். குழந்தை மாதாமாதம் எடை போடும் வயதில் இந்த வசதியை எந்த மாத்திரையும் தராது.

ஸ்பூன் மட்டும் வேண்டாம். வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறும். ஊசியில்லாத வாய் சிரிஞ்ச் கடையில் கிடைக்கும். முதல் தடவை கோடு எதுவரை என்று பேனாவால் அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாட்டி கையிலும் பிசகாது.

வீட்டிலேயே மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, "10 மி.லி.யில் கரைச்சு 2.5 மி.லி. எடுத்துக்குங்க" என்று சொல்லப்படும் வழி வேறு. தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்துக்கு அது சரி. ஹைட்ரோகார்டிசோன் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. கலக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போய் வருவதற்குள் தூள் அடியில் உட்கார்ந்துவிடும். மேலாக எடுத்த சிரிஞ்சில் தண்ணீர்தான் அதிகம் இருக்கும். முதல் வேளை குறைவு, கடைசி வேளை அதிகம். கம்பெனித் திரவமே இந்த மருந்தில் ஏமாற்றியிருக்கிறது: அமெரிக்காவில் விற்ற ஹைட்ரோகார்டிசோன் திரவம் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்யவில்லை என்று 2001-ல் வந்த ஆய்வு காட்டியது.

ஆஸ்பத்திரி மருந்தகம் மாத்திரையிலிருந்து தயாரித்துத் தரும் தண்ணீர்க் கரைசல் என்றால், கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்க்காத நிலையில் ஃப்ரிட்ஜில் 14 நாள் என்பது பொதுவான வரம்பு. ஒரு மாதத்துக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். ஐஸ் பெட்டியோடு பஸ் ஏற வேண்டும். மருந்து மலிவாக இருந்தாலும் மாதச் செலவு கூடுவது இங்கேதான்.

## பொடிப் பொட்டலமும் கேப்சூலும்

பழைய கம்பவுண்டர்கள் செய்துகொண்டிருந்த வேலை. மாத்திரையைக் கல்வத்தில் நன்றாக அரைத்து, லாக்டோஸ் மாதிரி ஒரு பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெருக்கி, எடைபோட்டுப் பொட்டலமாகவோ கேப்சூலாகவோ பிரிப்பது. இதய ஆபரேஷன் முடிந்த கைக்குழந்தைகளுக்கு ஃப்ரூசமைடு, ஸ்பைரனோலாக்டோன், சில்டெனாஃபில் எல்லாம் இன்றைக்கும் பல இடங்களில் இப்படித்தான் போகின்றன.

நன்றாகச் செய்தால் கால் மாத்திரையைவிட இது எவ்வளவோ மேல். நன்றாகச் செய்வது என்பது ஒரு மனிதரின் பொறுமையைப் பொறுத்தது. எல்லாப் பொடியையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்கினால் ஒரு பொட்டலத்தில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பொடி. தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இந்த வழியின் பெரிய குறை. காகிதப் பொட்டலமாக இருந்தால் மடிப்பில் பொடி ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் கட்டிதட்டும். கேப்சூலாகக் கேட்டு வாங்குங்கள். திறந்து ஒரு ஸ்பூன் பாலில் கொட்டிக் கொடுக்கலாம். பால் புட்டி முழுக்கக் கலந்துவிட்டுக் குழந்தை பாதியில் விட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கவும் கூடாது.

இதைச் செய்து தரும் மருந்தாளுநர் பக்கத்தில் இருந்தால் அந்த உறவை விடாதீர்கள். சிரப் கிடைக்காத, காலுக்கும் கீழான டோஸுக்கு இன்றைக்கு நம் கைக்கெட்டுகிற நல்ல வழி இதுதான்.

## பிரிண்ட் மாத்திரை

கடையில் கேட்பவர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலில் அனுமதித்த பிரிண்ட் மாத்திரை, 2015-ல் அனுமதி பெற்ற ஸ்ப்ரிடாம். அப்ரீசியா என்ற கம்பெனியின் லெவெடிராசெட்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த தொழில்நுட்பம் அது: பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, மேலே திரவத்தைத் துளித்துளியாகத் தெளித்து ஒட்டவைத்து, அதன் மேல் அடுத்த படலம். அழுத்திச் செய்யாததால் உள்ளே ஏகப்பட்ட நுண்துளைகள். ஒரு மடக்குத் தண்ணீரோடு வாயில் போட்டால் சராசரியாக 11 நொடியில் கரைந்துவிடுகிறது. 1000 மி.கி. மருந்தை இப்படிக் கரையவைத்தது பெரிய விஷயம்தான். விழுங்க முடியாதவர்களுக்கு அது வரம்.

ஆனால் அது யாருடைய அளவுக்கும் தைத்த சட்டை அல்ல. தொழிற்சாலையில் 250, 500, 750, 1000 மி.கி. என்று நான்கு அளவில் செய்து டப்பாவில் வருவது. 4 வயதும் 20 கிலோவும் தாண்டியவர்களுக்குத்தான் அனுமதி. கால் மாத்திரைக்காகத் திண்டாடும் 8 கிலோக் குழந்தைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. "பிரிண்ட் மாத்திரை அமெரிக்காவில் வந்துவிட்டது" என்ற செய்தியைப் படித்து நம்பிக்கை வைக்கும் பெற்றோர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் தேடுவது ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வைக்கும் பிரிண்டர். அதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரத்து ஆஸ்பத்திரியில், சில அமினோ அமிலங்களை உடம்பு செரிக்க முடியாத எம்எஸ்யூடி என்ற பிறவி நோய் உள்ள 4 குழந்தைகளுக்கு ஐசோலூசினை மென்று சாப்பிடும் மாத்திரையாக பிரிண்ட் செய்து கொடுத்தார்கள். லண்டனின் ஃபேப்ஆர்எக்ஸ் கம்பெனியும் சேர்ந்த வேலை, 2019-ல் வெளிவந்தது. அதற்கு முன் அந்தக் குழந்தைகள் கையால் நிரப்பிய கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். பிரிண்ட் மாத்திரையில் ரத்த அளவு வேண்டிய வரம்பில் நின்றது. பல நிறம், பல சுவையில் செய்ததைக் குழந்தைகளும் ஏற்றுக்கொண்டார்கள். நான்கே குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒப்பீடு சரியான இடத்தில் நடந்தது: இயந்திரத்தின் எதிரே நிறுத்தியது தொழிற்சாலையை அல்ல, பொட்டலம் போடும் கையை. இந்த இயந்திரத்தை மதிப்பிட வேண்டிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். தொழிற்சாலை மணிக்கு லட்சக்கணக்கில் மாத்திரை தள்ளும், அதோடு இது போட்டிபோட முடியாது, போடவும் தேவையில்லை.

பிரிண்ட் செய்யும் முறையும் மருந்துக்கு மருந்து மாறும். பிளாஸ்டிக் பொம்மை செய்யும் பிரிண்டர்போல மருந்து கலந்த இழையை உருக்கி அடுக்கும் முறையில் சூடு பல நேரம் 120 டிகிரியைத் தாண்டும். சூட்டில் கெடும் மருந்துக்கு அது ஆகாது. பசைபோலக் குழைத்துச் சிரிஞ்சிலிருந்து பிழிந்து அடுக்கும் முறையில் சூடு குறைவு. ஆனால் பிறகு காயவைக்க வேண்டும், மழைக்கால ஈரத்தில் அது தனி வேலை. வெளிச்சத்தால் இறுகும் பிசின் முறையும் உண்டு. பிசினில் மீதி நிற்கும் ரசாயனம் பற்றிய கவலை தீராதவரை குழந்தைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு நுட்பம். மெதுவாக வெளிவரும் மாத்திரையைச் சின்னதாக்கினால் டோஸ் மட்டும் குறையும் என்று நினைப்போம். மாத்திரை சிறுக்கச் சிறுக்க உள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடிவிடும், மருந்து வேகமாக வெளியேறும். கம்ப்யூட்டரில் அளவை 50 சதவீதம் என்று மாற்றிவிட்டு அச்சிட்டால் போதாது. உள் அமைப்பையும் மாற்றிப் பரிசோதிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இயந்திரத்தின் விலையில் இல்லை. ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்துக்கு மாறும்போது முனை, சிரிஞ்ச் எல்லாவற்றையும் கழுவி, பழையது ஒட்டவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தூய மருந்துப் பொடி தரம் கெடாமல் வர வேண்டும். எல்லாவற்றையும்விடத் தரச் சோதனை. தொழிற்சாலையில் லட்சம் மாத்திரையில் சிலவற்றைக் கரைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு மாதத்துக்கு 90 மாத்திரை பிரிண்ட் செய்துவிட்டு அதில் 20-ஐக் கரைத்துப் பார்த்தால் மிச்சம் என்ன? அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, அகச்சிவப்புக் கதிரால் உடைக்காமலே சோதிக்கும் கருவிகளைச் சேர்த்து வைக்கிறார்கள். அந்தக் கருவி இல்லாத பிரிண்டரைப் பாதி இயந்திரம் என்றுதான் சொல்வேன்.

சட்டம் அடுத்தது. நமக்கு அடிப்படை 1940-ன் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டமும் 1945 விதிகளும். தொழிற்சாலைத் தயாரிப்புக்கு ஒரு பாதை, டாக்டர் சீட்டைப் பார்த்துப் பதிவு பெற்ற மருந்தாளுநர் கலந்து கொடுப்பதற்கு இன்னொரு பாதை. ஆஸ்பத்திரியில் வைக்கும் பிரிண்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரிட்டன் இதற்கென்றே, நோயாளி இருக்கும் இடத்திலேயே மருந்து தயாரிப்பதற்கான தனி விதிகளை 2025 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதுதான் அதன் பலன். இயந்திரத்துக்கு முன்னால் நமக்கும் அது வர வேண்டும்.

## நடுவில் ஒரு வழி: குட்டி மாத்திரை

இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2, 3 மி.மீ. அகலமுள்ள குட்டி மாத்திரைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து, எண்ணிக்கையால் டோஸை மாற்றுவது. ஆறு மாதக் குழந்தையிலிருந்தே 2 மி.மீ. மாத்திரையை நன்றாக ஏற்றுக்கொள்கிறார்கள், சிரப்பைவிடவும் என்று ஜெர்மனியில் 2013-ல் வந்த ஆய்வு சொன்னது. ஸ்வீடனில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 5 மி.கி. லெவோடோபா குட்டி மாத்திரையை ஒரு சின்னக் கருவி எண்ணித் தருகிறது. ஹைட்ரோகார்டிசோனிலும் 0.5, 1, 2, 5 மி.கி. துகள் கேப்சூல் ஐரோப்பாவில் 2018-லும் அமெரிக்காவில் 2020-லும் அனுமதி பெற்றது.

கவனித்துப் பார்த்தால் பிரிண்டர் தருவதாகச் சொல்லும் நன்மையில் பெரும்பகுதி, பிரிண்டர் இல்லாமலே இதில் கிடைத்துவிடுகிறது. தரச் சோதனை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும், சுத்தம் செய்யும் தொல்லை இல்லை, வெயிலிலும் தாங்கும். உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்பும் நம் நாட்டுக் கம்பெனிகளிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. விற்பனை குறைவான மருந்து என்பதால் யாரும் செய்ய முன்வருவதில்லை. பிரிண்டருக்கு நியாயமான இடம் பிறப்பதும் அந்த இடைவெளியில்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உடைப்பது | கம்பெனி சிரப் | பொட்டலம், கேப்சூல் | குட்டி மாத்திரை | ஆஸ்பத்திரி பிரிண்ட் |
|---|---|---|---|---|---|
| அளவுத் துல்லியம் | அரை பரவாயில்லை, கால் சந்தேகம் | சிரிஞ்சில் எடுத்தால் நன்று | செய்பவர் கையைப் பொறுத்தது | நன்று | சோதனைக் கருவியோடு என்றால் நன்று |
| டோஸை மாற்ற | கடினம் | மிக எளிது | புதிதாகச் செய்ய வேண்டும் | எண்ணிக்கை மாற்றினால் போதும் | புதிதாகப் பிரிண்ட் செய்ய வேண்டும் |
| மெதுவாக வெளிவரும் மருந்து | பெரும்பாலும் கூடாது | பெரும்பாலும் இல்லை | கூடாது | முடியும் | முடியும், தனிப் பரிசோதனை வேண்டும் |
| வீட்டில் வைக்க | அன்றன்றைக்கு உடைக்க | லேபிளைப் பார்க்க | ஈரம் எதிரி | எளிது | ஈரம் படாமல் |
| மறைந்த செலவு | வீணாகும் துண்டு, தூள் | திறந்தபின் கெடு நாள் | போக்குவரத்து, கண்ணுக்குத் தெரியாத தவறு | இறக்குமதி விலை | சுத்தம், சோதனை, ஆள் |
| நம் பக்கம் இன்று | எங்கும் | பல மருந்துக்கு உண்டு | சில ஆஸ்பத்திரிகளில் | அரிது | இல்லை |

## யாருக்கு எது

வலிப்பு மருந்து சாப்பிடும் சின்னக் குழந்தை, அந்த மருந்தில் சிரப் உண்டு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. சிரப்பும் சிரிஞ்சும் போதும். குழந்தை சர்க்கரை சேர்ந்த சிரப்பை வருடக்கணக்கில் குடிக்கப் போகிறது என்றால் பல்லைக் கவனியுங்கள், கொடுத்தபின் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

அட்ரினல் குறைபாட்டுக் குழந்தைக்கு 5 மி.கி. மாத்திரையின் பாதி வரை வீட்டில் உடைக்கலாம். அதற்கும் கீழே என்றால் கேப்சூல் போட்டுத் தரும் மருந்தகம் தேடுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு தனி விஷயம் உண்டு. காய்ச்சல், வாந்தி வந்தால் டாக்டர் சொல்லிவைத்தபடி டோஸை உடனே இரண்டு மூன்று மடங்கு கூட்ட வேண்டும். 30 நாளைக்கு எண்ணிக் கொடுத்த பொட்டலம், நாளை வரப்போகும் பிரிண்ட் மாத்திரை எதுவானாலும், அன்றைக்குக் கையிருப்பு போதாமல் போகும். முழு மாத்திரைப் பட்டை ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பிரிண்ட் மாத்திரைக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. இந்த நோயில் மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படும் தாத்தாவுக்கு ஐந்தாறு மாத்திரை என்றால், முதலில் பட்டியலைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கி, சில உடனேயும் சில மெதுவாகவும் வெளிவரும்படி 2015-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஐந்து மருந்து மாத்திரையை பிரிண்ட் செய்து காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்தது அது. அதில் ஒரு மருந்தின் அளவை மாற்ற வேண்டும் என்றால் மொத்த மாத்திரையும் மாற வேண்டும். டோஸ் நிலைபெறாத முதல் சில மாதங்களில் தனித்தனி மாத்திரைதான் நல்லது.

சிரப்பும் கிடையாது, சின்ன அளவும் கிடையாது, டோஸ் மாதாமாதம் மாறுகிறது, கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து. இந்த நான்கும் ஒன்றாகச் சேரும் குழந்தைகள்தான் பிரிண்டருக்கு உரியவர்கள். எண்ணிக்கையில் குறைவானவர்கள், ஒவ்வொருவரின் வீட்டிலும் அது பெரிய பாரம். அவர்களுக்காகக் கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி இந்த வேலையைத் தொடங்கினால் நான் மனதாரச் சந்தோஷப்படுவேன். ஊருக்கு ஊர் மருந்துக் கடையில் பிரிண்டர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அப்படி ஒரு இடம் பிரிண்ட் மாத்திரை தருவதாகச் சொன்னால், கையில் வாங்கும் முன் கேட்க வேண்டியவை: மருந்தின் பெயரும் ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை மி.கி. என்பதும் லேபிளில் இருக்கிறதா. செய்த தேதி, கெடு தேதி, கையெழுத்துப் போட்ட மருந்தாளுநர் யார். மருந்து தவிர வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாத்திரையையும் எடை பார்த்தார்களா, மருந்து அளவைச் சோதித்தார்களா. இயந்திரம் பழுதானால் அடுத்த மாத மருந்துக்கு என்ன ஏற்பாடு. லேபிளைத் தமிழிலும் எழுதித் தருவார்களா.